பெரம்பலூர் முதல் ஜெயங்கொண்டம் வரை: அடிப்பாறையைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாக ஜெயங்கொண்டம் சுமார் 70 கிலோமீட்டர். வழியில் மக்காச்சோளக் கொல்லை, பருத்தி, சிமெண்ட் லாரிகள், கடைசியில் முந்திரித் தோப்பு. கண்ணுக்குப் பெரிதாக எதுவும் மாறாத சமவெளிப் பயணம். ஆனால் சாலைக்குக் கீழே இருக்கும் பாறை, மேற்கே சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையில் தொடங்கி, டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டமான கிரெட்டேசியஸ் காலத்துக் கடலைக் கடந்து, டைனோசர்கள் அழிந்த எல்லையைத் தாண்டி, நெய்வேலி நிலக்கரியை மூடியிருக்கும் இளம் மணற்கல்லில் போய் முடிகிறது. இந்தப் பாறை அடுக்குகள் பெரும்பாலும் கிழக்கு, தென்கிழக்குப் பக்கமாக மெல்லச் சாய்ந்திருக்கின்றன. அதனால் கிழக்கே போகப் போகப் பாறையின் வயது குறைந்துகொண்டே வரும். தென்னிந்தியாவில் கிரெட்டேசியஸ் காலக் கடல் பாறைகளை இவ்வளவு முழுமையாகத் தரைமேலேயே பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் தொல்லுயிர் எச்சம் தேடித்தான் வருகிறார்கள். என்னைக் கேட்டால் அது தலைகீழான வழி. முதலில் பாறை, அப்புறம் எந்த அடுக்கின் மேல் எந்த அடுக்கு கிடக்கிறது என்பது, அதன் பிறகுதான் சிப்பியும் நத்தையும். அடுக்கில் இருக்கும் அம்மோனைட் (அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடல் உயிரி), அந்த அடுக்கின் வயதைச் சொல்லும் சான்று. பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் அது அலமாரியில் இருக்கும் ஒரு கல், அவ்வளவுதான். கீழே சொல்லியிருக்கும் வரிசையும் இந்த எண்ணத்தில் போட்டதுதான்.

படி 1: வரைபடத்தை வீட்டிலேயே படித்துவிடுங்கள்

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ‘பூகோஷ்’ இணையதளத்தில் 1:50,000 அளவிலான புவியியல் வரைபடங்கள் கிடைக்கின்றன. அந்த அளவில் வரைபடத்தின் ஒரு சென்டிமீட்டர் தரையில் 500 மீட்டர். கூடவே அதே பகுதியின் செயற்கைக்கோள் படத்தைக் கைபேசியில் திறந்துவையுங்கள்.

தேடும்போது மாவட்டப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். பெரம்பலூரும் அரியலூரும் பழைய திருச்சி மாவட்டத்தின் பகுதிகள். 1995இல் பெரம்பலூர் பிரிந்தது, 2001இல் அரியலூர் தனியானது, மறுவருடம் திரும்பவும் சேர்த்தார்கள், 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். பாறைகளோ மூன்று மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கின்றன. கல்லக்குடியும் கருடமங்கலமும் இன்றும் திருச்சி மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அதனால் மூன்று மாவட்டங்களையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் மூன்று பெயர்களைப் பார்ப்பீர்கள்: ஊட்டத்தூர் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர் தொகுதி. கீழிருந்து மேலாக இதே வரிசை. இப்படி மூன்றாகப் பிரித்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர். 1862இல் வெளிவந்த அவருடைய ஆய்வறிக்கைதான் இந்தப் பகுதிக்கு அடித்தளம். பின்னாளில் இந்திய அரசின் வானிலைத் துறைக்கு முதல் தலைவராகப் போனவரும் இவரே. அவருக்கு முன்பு, 1840களில், கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் இங்கே சேகரித்த சிப்பிகள் லண்டன் போய் ஆராயப்பட்டன. பிளான்ஃபோர்டுக்குப் பின்பு ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்ற தொல்லுயிரியலாளர் இங்கிருந்து போன அம்மோனைட்டுகள், சிப்பிகள், பவளங்கள் என ஒவ்வொன்றையும் படம் வரைந்து விவரித்துப் பல தொகுதிகளாக வெளியிட்டார். உலகத்தில் எந்த ஊரில் கிரெட்டேசியஸ் அம்மோனைட்டைப் பற்றிப் படித்தாலும் அரியலூர், ஊட்டத்தூர் என்ற பெயர்கள் எட்டிப்பார்ப்பதற்கு இவர்கள்தான் காரணம்.

ஒரு வெள்ளைத்தாளில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு கோடு போட்டு, வரைபடத்தில் அந்தக் கோடு எந்தெந்தப் பாறைகளைக் கடக்கிறது என்று வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். களத்தில் உங்களுக்கு வேண்டிய முதல் கருவி அந்தத் தாள்தான்.

படி 2: பையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், திசைகாட்டி, பேனாக்கத்தி, ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு, நோட்டு, பென்சில், ஜிபிஎஸ் உள்ள கைபேசி, படத்தில் அளவு தெரிய ஒரு ஸ்கேல். அமிலச் சோதனைக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுக்குப்பியில் இருந்தால் நல்லது. கல்லூரி ஆய்வகத்தில் முறையாக நீர்த்துத் தரச்சொல்லி வாங்குங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தை எடுத்துக்கொண்டு அலையாதீர்கள். அமிலம் கிடைக்காவிட்டால், கல்லைக் கத்தியால் சுரண்டி அந்தப் பொடியில் வினிகர் விட்டுப் பாருங்கள். மெதுவாக என்றாலும் நுரை வரும்.

இவற்றை வைத்துக்கொண்டு நான்கு கேள்விகளுக்கு விடை சொல்லிவிடலாம். நகத்தால் கீறல் விழுகிறதா? விழுந்தால் ஜிப்சமாகவோ களிமண்ணாகவோ இருக்கும். நகத்துக்கு மசியாமல் கத்திக்கு மசிந்து, அமிலத்தில் நுரைக்கிறதா? கால்சைட், அதாவது சுண்ணாம்பு. கத்திக்கும் மசியாமல் கண்ணாடியைக் கீறுகிறதா? பெரும்பாலும் குவார்ட்ஸ். லென்ஸில் மணல்மணியாகத் தெரிகிறதா, ஒன்றோடொன்று பின்னிய படிகமாகத் தெரிகிறதா? முன்னது படிவுப்பாறை, பின்னது தீப்பாறையோ உருமாறிய பாறையோ.

சுத்தியலைப் பட்டியலில் விட்டிருப்பது வேண்டுமென்றேதான். இங்கே பார்க்க வேண்டிய முகங்களை எல்லாம் சுரங்கமும் ஓடையும் ஏற்கெனவே உடைத்துக் காட்டியிருக்கின்றன.

போக நல்ல சமயம் ஜனவரி, பிப்ரவரி. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஓடைகளின் கரை கழுவி வைத்ததுபோல் இருக்கும், வெயிலும் தாங்கும். சித்திரை, வைகாசியில் காரை பக்கம் பகலில் நிற்கவே முடியாது, ஒதுங்க ஒரு மர நிழல்கூட அகப்படாது.

படி 3: மண்ணும் போர்வெல்லும் சொல்வதைக் கேளுங்கள்

பாறை எல்லா இடத்திலும் தலைகாட்டாது. பெரும்பகுதி மண்ணுக்குக் கீழே மூடித்தான் கிடக்கும். அங்கே மண்ணின் நிறம் உதவும். மேற்கே பெரம்பலூர் பக்கம் நைஸ் என்ற பட்டை ஓடிய கடினப் பாறை மக்கி உண்டான செம்மண்ணைப் பார்க்கலாம். அடுத்து, கடற்களியும் சுண்ணாம்புக்கல்லும் இருக்கும் பகுதியில் கரிசல். பருத்திக்குப் பேர்போன மண். அதைத் தாண்டி ஜெயங்கொண்டம் பக்கம் திரும்பவும் சிவப்பு. ஆனால் இது கடலூர் மணற்கல் தந்த மணல் கலந்த செம்மண், முந்திரிக்கு ஏற்றது. இரண்டு சிவப்பும் ஒன்றல்ல. கையில் எடுத்துப் பிசைந்தாலே வித்தியாசம் தெரியும்.

மண்ணைவிட நம்பகமான சாட்சி போர்வெல். கடினப் பாறையில் போர் போட்டால், மேலே மக்கிய பகுதி வரைக்கும்தான் கேசிங் பைப் இறக்குவார்கள். அதற்குக் கீழே துளை தானாக நிற்கும், தண்ணீர் வெடிப்புகளில்தான் வரும். படிவுப்பாறையில் துளை சரிந்துவிடும் என்பதால் அடிவரைக்கும் பைப் இறக்க வேண்டியிருக்கும், நீர் வரும் மணல் அடுக்குக்கு நேராகத் துளையிட்ட பைப் வைப்பார்கள். ஒரு ஊரில் நான்கு வீட்டில் ‘எத்தனை அடி போர், எத்தனை அடி கேசிங்’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 300 அடி போருக்கு 40 அடி கேசிங் என்றால் கீழே கெட்டிப்பாறை. 300 அடிக்கும் கேசிங் என்றால் நீங்கள் படிவுப்பாறைப் பகுதிக்குள் வந்துவிட்டீர்கள்.

படி 4: மேற்கு ஓரத்தில் பழைய பாறையைத் தொட்டுப் பாருங்கள்

பச்சைமலையும், ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கும் குன்றும், பெரம்பலூரைச் சுற்றியுள்ள கல் குவாரிகளும் ஒரே பழைய நிலத்தின் பகுதிகள். நைஸ், சார்னோக்கைட் வகைப் பாறைகள். நமக்கு இவை எல்லாமே கருங்கல்தான். ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் உடைபடுபவை.

நைஸில் வெளிர்நிறப் பட்டையும் கருநிறப் பட்டையும் மாறிமாறி ஓடும். வெளிர் பட்டையில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும், கரும் பட்டையில் அப்பிரகமும் ஹார்ன்பிளெண்டும். இந்தப் பட்டைகளைப் படிவு அடுக்குகள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கனிமங்கள் பிரிந்து வரிசைப்பட்டதால் வந்த கோடுகள் அவை. சார்னோக்கைட் பச்சையோடிய சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியதுபோல் மின்னும். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகை என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். அந்தக் கல் போனது நம் சென்னைப் பக்கத்திலிருந்து.

குவாரி முகத்தின் மேல்பகுதியையும் பாருங்கள். பாறை உருண்டை உருண்டையாக, சின்ன வெங்காயத் தோல் உரிவது மாதிரி உரிந்திருக்கும். வெடிப்பு வழியே இறங்கிய நீர் மூலைகளை முதலில் தின்றதால் வந்த உருவம் அது. ஆற்றில் உருண்டு வந்த கல் என்று குறித்துவிடாதீர்கள். அடுத்த படியில் நிஜமாகவே உருண்டு வந்த கல்லைப் பார்க்கப்போகிறீர்கள்.

படி 5: கடல் நுழைந்த ஓரத்தைக் கண்டுபிடியுங்கள்

கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்து, இந்தியா அண்டார்டிகாவை விட்டு விலகியபோது, நம் கிழக்குக் கரை ஓரமாக நிலம் பிளந்து தாழ்ந்தது. அப்படி உண்டான பள்ளம்தான் காவிரி வடிநிலம். முதலில் அதில் ஆறுகளும் ஏரிகளும்தான் இருந்தன. அந்தக் காலத்து வண்டலைத் தெரணியில் பார்க்கலாம். வெளிர்நிறக் களிமண், மணல், நடுவே இலை அச்சுகள். டைலோஃபில்லம் என்ற, சைகஸ் (பனை போலத் தெரியும் பழமையான செடிவகை) சாயலுள்ள செடியின் இலைகள் அங்கே பேர்போனவை. களிமண்ணைப் பீங்கான் தொழிலுக்காகத் தோண்டியதால்தான் இந்த அடுக்குகள் வெளிச்சத்துக்கு வந்தன. தெரணியில் கடல் சிப்பி கிடையாது. இந்த ‘இல்லை’யையும் நோட்டில் எழுதுங்கள், அடுத்த நிறுத்தத்தில் அதன் மதிப்பு தெரியும்.

அதன்பின், சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் உள்ளே வந்தது. கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் அதற்குச் சாட்சி. புவியியல் நூல்களில் இதற்கு டால்மியாபுரம் படிவம் என்று பெயர். ஊர்ப் பெயருக்காக 1953இல் நடந்த கல்லக்குடிப் போராட்டம் எல்லோருக்கும் தெரியும், பாறைக்கு மட்டும் பழைய பெயரே நின்றுவிட்டது. இங்கே பவளமும் சுண்ணாம்புப் பாசியும் சேர்ந்து கட்டிய திட்டுகள் இருக்கின்றன. அன்றைய ஆழமில்லாத, தெளிந்த, வெதுவெதுப்பான கடலின் ஓரம் அது. அடியில் நைஸ் பாறையிலிருந்து உடைந்து உருண்ட பெருங்கற்கள் சுண்ணாம்புக்குள் சிக்கியிருப்பதையும் பார்க்கலாம்.

இப்படி, 250 கோடி ஆண்டுப் பாறையின் மேல் 11 கோடி ஆண்டுப் பாறை நேராக உட்காரும் இடத்தை முறிவுத்தளம் என்பார்கள். ஒரு கையை வைத்து மூடிவிடலாம் போன்ற அந்தக் கோட்டில் 200 கோடி ஆண்டுகளுக்கு மேலான காலம் காணாமல் போயிருக்கிறது. அத்தனைக் காலமும் இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று பொருளல்ல. நடந்ததெல்லாம் அரித்துப்போய்விட்டது. எந்த மாவட்டத்தின் பாறையைப் படித்தாலும் இருக்கும் அடுக்குகளைப் போலவே இல்லாத அடுக்குகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சுரங்கங்கள் தனியார் இடங்கள், வெடி வைக்கும் இடங்கள். மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, தலைக்கவசத்தோடு, அவர்கள் அனுப்பும் ஆளோடு மட்டுமே இறங்குங்கள். கல்லூரிக் குழு என்றால் அனுமதி சுலபம்.

படி 6: காரையில் பொறுமையாக நில்லுங்கள்

நேரம் குறைவு என்றால் மற்ற எதைத் தவிர்த்தாலும் காரையைத் தவிர்க்காதீர்கள். பாடாலூர் பக்கம், காரையிலிருந்து கொளக்காநத்தம் வரை நீளும் இந்தப் பொட்டல்வெளியை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவிப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சாம்பலும் மஞ்சளும் செம்பழுப்புமாக, மழை அரித்த ஆயிரக்கணக்கான ஓடைவாய்கள். ஊட்டத்தூர் தொகுதியின் களிப்பாறை இது. சுமார் 9 முதல் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கரையைவிட்டுத் தள்ளி, அலை எட்டாத ஆழத்தில் படிந்த சேறு.

ஏன் செடி கொடி இல்லை? இந்தக் களி நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். வெடித்த மேல்தோலை அடுத்த மழை கழுவிக்கொண்டு போய்விடும். வேர் பிடிக்கும் முன்பே மண் போய்விடுகிறது, போதாததற்கு உப்பும் உண்டு. பொட்டலாக இருப்பதால்தான் நமக்கு அடுக்குகள் முழுசாகத் தெரிகின்றன.

தரையில் குனிந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வெள்ளை வெள்ளையாக மின்னும் தகடுகள். பலர் இதைக் கண்ணாடிக்கல் என்றும் அப்பிரகம் என்றும் நினைக்கிறார்கள். நகத்தால் கீறுங்கள், கோடு விழும். அமிலம் விடுங்கள், நுரைக்காது. ஜிப்சம். இப்போது அது எப்படி ஓடுகிறது என்று கவனியுங்கள். பல இடங்களில் களியின் அடுக்கோடு போகாமல் அடுக்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. குறுக்கே வெட்டுவது வெட்டப்படுவதைவிட இளையது. புவியியலில் காலத்தைச் சொல்ல உதவும் அடிப்படை விதிகளில் ஒன்று இது. ஆக, இந்த ஜிப்சம் அன்றைய கடல் வற்றி உண்டான உப்பல்ல. களிக்குள் இருந்த பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாகி, அது சிப்பிகளின் சுண்ணாம்போடு வினைபுரிந்து, பிற்பாடு வெடிப்புகளில் படிந்த கனிமம்.

அடுத்து, பழுப்பு நிறத்தில் விரல் நீளத்துக்கு, ஒரு முனை கூர்மையாக உருண்டையான குச்சிகள். பெலம்னைட்டுகள், கணவாய் மீனின் தூரத்து உறவினர்களின் உள்ளெலும்பு. முறிந்த பக்கத்தை லென்ஸில் பார்த்தால் நடுப்புள்ளியிலிருந்து சுற்றிலும் கதிர்கதிராகப் போகும் கால்சைட் படிகங்கள் தெரியும். இதில் அமிலம் நுரைக்கும். கரும்பழுப்பு உருண்டைகள் கனமாக, நுரைக்காமல் இருந்தால் பெரும்பாலும் ஃபாஸ்பேட். அம்மோனைட் கிடைத்தால் சுருளையும் அதன் மேல் ஓடும் வரப்புகளையும் படம் எடுங்கள். கண்டகி ஆற்றிலிருந்து வந்து நம் பூஜையறையில் இருக்கும் சாளக்கிராமங்களும் அம்மோனைட் எச்சம் கொண்டவைதான், காலம் மட்டும் வேறு.

அதை எடுத்துப் பையில் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சரிவில் உருண்டு கிடப்பது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. அடுக்கில் பதிந்திருப்பதை எடுத்தால் அடுத்து வரும் மாணவருக்குச் சான்று இல்லை. ஸ்கேல் வைத்து ஒரு படம், ஜிபிஎஸ் எண், எந்த அடுக்கு என்று ஒரு வரி. அது போதும்.

சாய்வை அளக்கவும் காரையே நல்ல இடம். கெட்டியான மெல்லிய அடுக்கு ஒன்றைத் தேர்ந்து, அதன்மேல் நோட்டை வைத்து, கைபேசியின் கிளினோமீட்டரால் சாய்வுக் கோணத்தை எடுங்கள். ஓடைச் சரிவு வேறு, அடுக்கின் சாய்வு வேறு. அதனால் பல இடங்களில் அளந்து ஒப்பிடுங்கள். சாய்வு தெரிந்தால் அடுக்குகளின் தடிமனும் தெரியும். உதாரணத்துக்கு, சாய்வு 5 டிகிரி, சாய்வின் திசையில் சமதரையில் நடந்த தூரம் ஒரு கிலோமீட்டர் என்றால், நீங்கள் கடந்த அடுக்குகளின் மொத்தத் தடிமன் சுமார் 87 மீட்டர். தூரத்தைச் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் போதும்.

படி 7: கருடமங்கலமும் சாத்தனூரும்

ஊட்டத்தூர் தொகுதிக்கு மேலே திருச்சிராப்பள்ளித் தொகுதி. களி போய் மணற்கல் வருகிறது, கூடவே சிப்பி நெருக்கமாக நிறைந்த சுண்ணாம்புக்கல்லும். கரை பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள். கருடமங்கலத்துச் சிப்பிக்கல்லை மெருகேற்றினால் நத்தைகளும் சிப்பிகளும் வெள்ளையாக வெட்டுமுகம் காட்டும். ‘திருச்சி மார்பிள்’ என்று அலங்காரப் பொருட்களுக்குப் பயன்பட்டது. பெயர்தான் மார்பிள், இது உருமாறாத சுண்ணாம்புக்கல்.

சாத்தனூர்க் கல்மரம் 18 மீட்டருக்கு மேல் நீளம். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் வெளிக்கொண்டுவந்தது. கடலில் மிதந்துவந்து மூழ்கி, மணலில் புதைந்த ஊசியிலை வகை மரம். மரத்தின் பொருள் கரைந்த இடத்தில் சிலிக்கா குடியேறியதால் கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினம், ஆனால் அந்தச் சோதனையை இதில் செய்யக் கூடாது. பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் பார்வை மட்டும்தான். இந்த மரத்துக்கு 12 கோடி ஆண்டு வயது என்று பல இடங்களில் படிப்பீர்கள். நம் முறைப்படி, சுற்றியிருக்கும் அடுக்கு எந்தத் தொகுதி என்று முதலில் வரைபடத்தில் பார்த்துவிட்டு, பிறகு வயதைப் பற்றி யோசியுங்கள்.

படி 8: அரியலூரின் சுண்ணாம்புக்கல்லை அடுக்கு அடுக்காகப் படியுங்கள்

அரியலூர் தொகுதி சில்லக்குடி மணற்கல்லில் தொடங்கி, கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல், ஒட்டக்கோவில் மணற்கல், கல்லமேடு மணற்கல் என்று மேலே போகிறது. இதில் கல்லங்குறிச்சிதான் அரியலூரை சிமெண்ட் ஊராக்கிய பாறை. கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் பக்கத்துச் சுரங்கங்களைப் பார்த்திருப்பார்கள். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த கடல் சுண்ணாம்பு.

சுரங்க முகத்தில் தூரத்திலிருந்தே கோடு கோடாகத் தெரிபவை சிப்பிப் படுகைகள். கிட்டே போனால் கிரைஃபியா என்ற தடித்த சிப்பி: ஒரு பக்க ஓடு குழிந்து வளைந்து, மறுபக்கம் தட்டையாக மூடியிருக்கும். பக்கத்துப் படுகையில் இனோசெராமஸ்: அகன்ற ஓடு, அதன்மேல் வட்ட வட்டமான மேடுகள். முழுசாகக் கிடைக்காவிட்டாலும் துண்டை வைத்தே அடையாளம் சொல்லலாம். உடைந்த விளிம்பை லென்ஸில் பாருங்கள், ஓட்டின் மேற்பரப்புக்குச் செங்குத்தாக நெருக்கி நிற்கும் நார்போன்ற கால்சைட் படிகங்கள் தெரியும். இன்னும் உற்றுப்பார்த்தால் சல்லடைத் துளைகளோடு, பிரையோசோவா என்ற கூட்டமாக வாழும் சின்னக் கடல் உயிரிகளின் துணுக்குகள்.

சிப்பி இரண்டு ஓடும் மூடிய நிலையில், வாழ்ந்த கோலத்திலேயே இருக்கிறதா, அல்லது ஓடுகள் பிரிந்து உடைந்து ஒரே திசையில் அடுக்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு படுகைக்கும் குறியுங்கள். முதலாவது அமைதியான கடலடி. இரண்டாவது புயலோ நீரோட்டமோ வாரிச் சேர்த்தது. ஒரே சுரங்கச் சுவரில் இரண்டும் மாறிமாறி வரும்.

இங்கே ஒரு தவிப்பையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பாறையை நமக்குத் திறந்து காட்டியது சுரங்கம், அதைத் தினமும் குறைத்துக்கொண்டிருப்பதும் அதே சுரங்கம். தோண்டி முடித்த குழிகளில் ஒரு சுவரையாவது மண் மூடாமல், அடுக்குகள் தெரியும்படி விட்டுவைத்தால் நம் பிள்ளைகளுக்கு அது திறந்தவெளி வகுப்பறை. இதைக் கேட்க வேண்டிய உரிமை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு உண்டு.

சுரங்க அனுமதி கிடைக்கவில்லை என்றால் வாரணவாசியில் உள்ள தொல்லுயிர் எச்ச அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அதையும் களத்துக்குப் போன பிறகு பார்ப்பதே நல்லது.

படி 9: 6.6 கோடி ஆண்டு எல்லையைத் தாண்டுங்கள்

கல்லமேட்டில் கடல் பின்வாங்கிவிட்டது. ஆறு கொண்டுவந்த மணலும் களியும், அதில் டைனோசர் எலும்புத் துணுக்குகளும். 1980களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் இங்கிருந்து ‘புருகத்காயோசாரஸ்’ என்ற பேருருவ விலங்கை அறிவித்தார்கள். முதலில் இறைச்சி தின்னும் வகை என்று கருதப்பட்டது, பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று மாற்றிக்கொண்டார்கள். அந்த எலும்புகள் பின்னர் சிதைந்து போய்விட்டன. படங்களும் குறிப்புகளும்தான் மிச்சம். களத்தில் எடுக்கும் படத்துக்கும் எழுதும் வரிக்கும் என்ன மதிப்பு என்பது இதிலிருந்தே தெரியும்.

உருண்டையான கல்லை எல்லாம் டைனோசர் முட்டை என்று நம்பிவிடாதீர்கள். 2020இல் குன்னத்தில் கிடைத்த உருண்டைகள் முட்டை என்று கைபேசிகளில் பரவின. அம்மோனைட் போன்ற கடல் உயிரிகளைச் சுற்றிக் கனிமம் படிந்து உண்டான உருண்டைகள் என்று வல்லுநர்கள் விளக்கினார்கள். குன்னம் பகுதியில் இருப்பது கடல் படிவு என்று வரைபடத்தில் பார்த்திருந்தாலே முட்டைக் கதையில் சந்தேகம் வந்திருக்கும்.

கல்லமேட்டுக்கு மேலே, செந்துறை பக்கம் நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல். கடல் திரும்பி வந்துவிட்டது. ஆனால் தேடித்தேடிப் பார்த்தாலும் அம்மோனைட் இருக்காது. நத்தைகள், பாசிகள், அம்மோனைட்டின் உறவினரான நாட்டிலஸ் இருக்கும். நடுவில்தான் பேரழிவு நடந்தது. எல்லைக் கோடு ஒரே சீரான கடல் படிவாக இங்கே இல்லை, ஆற்று மணலும் ஒரு முறிவுத்தளமும் இடையில் வருகின்றன. அதனால் ‘இதுதான் அந்தக் கோடு’ என்று விரல் வைக்க முயலாமல், கீழே என்னென்ன உயிர்கள், மேலே என்னென்ன என்று இரண்டு பட்டியல் எழுதுங்கள்.

படி 10: பாறை தெரியாத கிழக்கு

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் கடலூர் மணற்கல். இரும்பு படிந்து சிவந்த, கெட்டிப்படாத மணலும் களியும். மற்றவற்றோடு ஒப்பிட்டால் மிக இளையது. இதன் கீழே பழுப்பு நிலக்கரி இருப்பது ஜெயங்கொண்டத்தில் தெரிந்ததே, நெய்வேலியில் வெட்டி எடுப்பதும் இதே மணற்கல்லுக்கு அடியிலிருந்துதான். திருவக்கரைக் கல்மரங்களும் இந்த மணற்கல்லைச் சேர்ந்தவை.

கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் சுவரை லென்ஸில் பாருங்கள். பின்னிய படிகங்கள், கடினப் பாறை. ஆனால் சுற்றுவட்டாரத் தரையில் அப்படி ஒரு பாறை கிடையாது. அத்தனைக் கல்லும் மேற்கே கடினப் பாறை நிலத்திலிருந்து வந்திருக்க வேண்டும். ராஜேந்திர சோழனின் ஆட்கள் எவ்வளவு தூரம் கல் சுமந்தார்கள் என்பதை நீங்கள் கடந்துவந்த வரைபடமே காட்டிவிடும்.

இந்தப் பகுதியில் பாறை முகம் கிடைக்காது என்பதால், போர் போடும் இடத்துக்குப் போய், ரிக் வெளியே தள்ளும் மண்ணைப் பத்தடிக்கு ஒருமுறை சிறு பிளாஸ்டிக் பையில் எடுத்து, ஆழத்தை மேலே எழுதுங்கள். காய்ந்தபின் ஒரு பலகையில் வரிசையாக ஒட்டினால் அந்தக் கிராமத்தின் தூண்படம், அதாவது மேலிருந்து கீழான அடுக்கு வரிசை, தயார். படி 1இல் வரைந்த தாளின் கிழக்கு முனையில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

வரைபடத்தில் இருப்பதற்கும் நீங்கள் கண்டதற்கும் எங்கேயாவது பொருந்தவில்லை என்றால் அழித்துவிடாதீர்கள். ஜிபிஎஸ் எண்ணோடு எழுதி, பக்கத்தில் உள்ள கல்லூரியின் புவியியல் துறைக்கு அனுப்புங்கள். 1:50,000 அளவில் விடுபட்ட சின்னச் சின்ன வெளிப்பாடுகள் புதிதாக வெட்டிய கிணற்றிலும் சாலைப் பள்ளத்திலும் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பள்ளத்தை மூடுவதற்கு முன் அதைப் பார்த்துக் குறித்து வைக்க உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும்.